கோடு இல்லாத நாற்பத்தொரு முகங்கள்

திருப்பதி,
14 மார்ச் 2025

நளினிக்கு,

ஃபோனில் என்னை பிளாக் செய்தாய். வாட்ஸ்அப்பிலும் பிளாக். மெயில் போட்டால் பதில் இல்லை. சித்தூரில் உன் வீட்டுக் கதவை மட்டும் பிளாக் செய்ய முடியாது என்பதால் ரிஜிஸ்டர் தபாலில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்கத் தெரியாது. நகரியில் தமிழ் மீடியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததற்கு இந்த ஒரு லாபமாவது நமக்கு இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஏழு நாள் முகம்' ட்ரெய்லர் போன வாரம் வெளியானது. நீ பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். ஆகஸ்ட் 14 என்று தேதியும் போட்டாகிவிட்டது. காத்திருக்கிறோம் என்று பட்டனை அழுத்தியவர்கள் இன்றைக்கு அறுபத்திரண்டாயிரம் பேர். கங்கம்மா ஜாதராத் திருவிழாவில் நாளுக்கு ஒரு வேஷம் போடுவதை வைத்து, இந்த மாடி அறையில் நாம் இரண்டு பேர் ஆரம்பித்த கேமுக்கு பிரேசிலிலும் போலந்திலும் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் சந்தோஷப்படு, செலவு ஒன்றும் ஆகாது.

சிக்கல் என்னவென்றால், ட்ரெய்லருக்குக் கீழே கமென்ட் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. "2022-ல் காட்டினீர்களே, அந்தப் படம் எங்கே? முகத்தைச் சுற்றி எதற்குக் கறுப்புக் கோடு?" வெளிநாட்டுத் தளம் ஒன்று, இந்த வருஷம் வரப்போகிற வித்தியாசமான தோற்றமுள்ள சின்ன கேம்கள் என்று இருபதைப் பட்டியல் போட்டது. நம்முடையது மூன்றாவது. ஆனால் அவர்கள் போட்டிருக்கும் படம் நீ குங்குமத்தை விரலால் தேய்த்து வரைந்த பழைய படம். புது ட்ரெய்லரைப் பார்த்த பிறகும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கோட்டை எடுக்கச் சொல்லி பப்ளிஷர் எழுதிவிட்டார். மற்ற நாட்களுக்கு உன் பழைய ஸ்கேன் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் பூசும் மாதங்கி வேஷ நாளுக்கு மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பது இருவருக்கும் தெரியும், அதைக் கிளற வேண்டாம். நாற்பத்தொரு மஞ்சள் முகம் வேண்டும், ஜூன் 10-க்குள். உன் நிபந்தனை என்னவோ எழுது.

சந்தியா

பி.கு: கோடு எதற்குப் போட்டாய் என்று ஆரம்பிக்காதே. சின்ன ஸ்கிரீனில் முகம் எது, சுவர் எது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.


சித்தூர்,
22 மார்ச் 2025

சந்தியா,

உன் ரிஜிஸ்டர் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. "கோர்ட்டு நோட்டீஸாடி? யாருகிட்ட இன்னா வம்பு பண்ணிக்கினு வந்தே?" என்று அன்றைக்கு முழுக்க ஒரு வாய் தின்னவில்லை. நீ எது செய்தாலும் ஒரு வீட்டில் யாராவது ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.

ட்ரெய்லரைப் பார்த்தேன். ஏழு தடவை பார்த்தேன். கடையில் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நான் போடுகிற பார்டரும் நீ முகங்களைச் சுற்றிப் போட்டிருக்கும் கோடும் ஒரே தடிமன். அறுபத்திரண்டாயிரம் பேருக்கு என் படங்களின் கருமாதியைக் காட்டியிருக்கிறாய்.

முகம் எது, சுவர் எது என்று தெரியவில்லையாம். தெரியக்கூடாது என்பதுதானே கேம்! கேமின் நாயகி கூட்டத்துக்குள் ஒளிந்து ஏழு நாள் தப்பிக்க வேண்டும். அன்றன்றைய வேஷத்து நிறத்தைப் பூசிக்கொண்டால் அவள் எங்கே முடிகிறாள், பக்கத்து ஆள் எங்கே ஆரம்பிக்கிறான் என்று தெரியாது. ஒரு நாள் கரி, ஒரு நாள் குங்குமம், ஒரு நாள் மஞ்சள். பென்சில் இல்லை, பிரஷ் இல்லை, விரல் மட்டும். இதை நீதான் சொன்னாய், நானாவது மறந்திருப்பேன். கோடு போட்டபிறகு அவள் எங்கே போய் ஒளிவாள்?

கிளற வேண்டாம் என்கிறாய். கிளறத்தான் போகிறேன். 2023 அக்டோபரில் மாமா மகள் கல்யாணத்துக்காக நான் ஒரு வாரம் கார்வேட்டிநகரம் போனேன். மாதங்கி நாளின் நாற்பத்தொரு மஞ்சள் முகங்களை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனேன். ஸ்கேன் ஆகவில்லை. சுண்ணாம்புக் குண்டா வேஷ நாளின் தாள்கள் அப்போதுதான் சுண்ணாம்பில் வரைந்தவை, ஈரம் காயாமல் கொடியில் தொங்கின. பஸ் ஏறும்போதுகூட ஃபோனில் சொன்னேன், "மஞ்சள ஸ்கேன் பண்ணிட்டு பீரோல வெச்சிடுடி. சுண்ணாம்பு கிட்ட கொண்டுபோவாதே." திரும்பி வந்து பார்த்தால் மஞ்சள் தாள் மேல் சுண்ணாம்புத் தாள், அதன் மேல் மஞ்சள் தாள் என்று அடுக்கி வைத்திருக்கிறாய். நாற்பத்தொரு முகமும் ரத்தம் கொட்டினது போலச் சிவந்து கிடந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு கேம் பக்கத்தில் என்ன போட்டாய்? "ஓவியரின் உடல்நலக் குறைவு காரணமாகத் தாமதம்." எனக்கு என்னடி குறை?

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த வரியை எடுத்துவிட்டு, தாள்களைக் கெடுத்தது நீ என்று போடு. அன்றைக்கே வரைய உட்காருகிறேன்.

நளினி


திருப்பதி,
5 ஏப்ரல் 2025

அன்புள்ள நளினி ('அன்புள்ள' பழக்க தோஷத்தில் விழுந்துவிட்டது, போகட்டும்),

அம்மாவைப் பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் மட்டும். இந்த முறை சாதாத் தபால்.

நீ கேட்பது நடக்காது. பப்ளிஷரிடமும் உடல்நலம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒன்றரை வருஷமாகப் பொய் சொன்னவள் என்று தெரிந்தால் அவர் கைகழுவிவிடுவார். அப்புறம் ஆகஸ்ட் 14-ம் இல்லை, எந்த ஆகஸ்டும் இல்லை. அன்றைக்கு மழை, அறை முழுக்க ஒழுகியது, அவசரத்தில் தாளை மாற்றி அடுக்கிவிட்டேன். தப்பு நடந்துவிட்டது. இதை எத்தனை முறை சொல்ல வேண்டும்? முதுகில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டுமா?

உன் பக்கம் தப்பே இல்லையா? ஒரே ஒரு முகத்துக்குப் பதினோரு தடவை கரி தேய்த்தாய். "இன்னும் வர்லடி" என்பாய், கிழிப்பாய், மறுபடி தேய்ப்பாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து உன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நானும் சும்மா இல்லை. கூட்டம் தானாக நகர்வதற்கு ஒன்றரை வருஷம் ப்ரோக்ராம் எழுதினேன். ஸ்கிரீனில் ஆயிரம் பேர் நடக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் மோதுவதில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு கமென்ட் காட்டு பார்க்கலாம். என்ன நிறம், என்ன முகம், யார் அந்த ஓவியர், இவ்வளவுதான் வரும். யூட்யூபில் பேட்டி எடுக்க வந்தானே சுதீர், மாடி ஏறி வந்ததும் முதல் கேள்வியே "நளினி மேடம் இல்லீங்களா?" என்பதுதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான் தருவது இது. உன் பெயர் முதலில் வரும். என் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில். மாதங்கி நாள் ஆரம்பிக்கும்போது ஸ்கிரீனில் தனியாக இன்னொரு முறை வரும். வேறு எது வேண்டுமானாலும் கேள். அந்த ஒன்றை மட்டும் கேட்காதே.

சந்தியா


சித்தூர்,
19 ஏப்ரல் 2025

சந்தியா,

பெரிய எழுத்தில் பெயர் போடுகிறாயாம். நான் தினமும் கடையில் கவுன்சிலர் பெயரைப் பத்தடிக்கு அடித்துக் கொடுக்கிறேன். பெரிய எழுத்தைப் பார்த்து மயங்குகிற ஆள் நான் இல்லை.

உன் உடல்நல வரி என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். போன தை மாதம் பங்காருபாளையத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை பெயர் புருஷோத்தமன். நான் கரியில் வரைகிறேன் என்றதும் சிரிக்காமல், எந்தக் கட்டைக் கரி என்று கேட்டவர். அவருடைய தங்கை பிரியங்கா என் பெயரை நெட்டில் போட்டுத் தேடியிருக்கிறாள். முதலில் வந்தது கேம் பக்கத்தில் இருந்த உன் வரி. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பெரியம்மா வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு இன்னா ஒடம்புக்கு?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று அம்மா சொன்னாள். ஒன்றும் இல்லாமலா உலகம் பூராவும் போட்டிருக்கிறார்கள் என்றார் அவர். அம்மா என்னை லேபுக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து ஒரு ஃபைல் போட்டு வைத்தாள். அந்த ஃபைலைப் பார்க்க யாரும் வரவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை உன்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

நீ பொய்யை எடுக்கமாட்டாய். உன் கேமுக்கு ஆபத்து, உன் பப்ளிஷருக்கு ஆபத்து. எனக்கு எது ஆனாலும் பரவாயில்லை, அப்படித்தானே? சரி. நான் வரையமாட்டேன். அறுபத்திரண்டாயிரம் பேரும் ஆகஸ்ட் 14 அன்று கண்ணீர் அஞ்சலி பேனரையே வாங்கி ஆடட்டும்.

நளினி


திருப்பதி,
8 மே 2025, வியாழன்

அடியே சந்தியா,

தேதியைப் பார்த்துக்கொள். இன்றைக்குப் பண்ட வேஷம். ஊரே முகத்தில் குங்குமத்தை அப்பிக்கொண்டு, எதிரில் வருகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறது. இன்றைக்கு வாங்குகிற திட்டுக்குக் கோபப்படக் கூடாது, பதிலுக்குச் சண்டைக்குப் போகக் கூடாது. ஆத்தா கேட்டுக்கொள்வாள். இதைச் சொல்லித்தான் நீ காலேஜில் ஹாஸ்டல் வார்டனையே திட்டினாய்.

ஆகையால் கேள். பேமானி. சோமாரி. கஸ்மாலம். ஆயிரம் பேரை மோதாமல் நடக்கவைத்துவிட்டு ஒரே ஒரு சிநேகிதி மேல் லாரி ஏற்றியவளே. மழை மேல் பழி போட்டவளே, அந்த மழை உன் வீட்டுக் கூரையை மட்டும் பிய்த்துக்கொண்டு போக. நீ எழுதும் ப்ரோக்ராம் வரிக்கு வரி தப்பாகட்டும். நீ ஆசையாய் வாங்கும் தோசைக்கு என்றைக்கும் சட்னி தீர்ந்துபோயிருக்கட்டும். உன் கேமை ஆடுகிறவன் முதல் நாளிலேயே வழி தெரியாமல் முட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு உன் பெயரைச் சொல்லித் திட்டட்டும். கூட வேலை செய்தவளை நோயாளி ஆக்கின வாயில் கொள்ளி வைக்க.

வேஷம் பார்க்க வந்தேன், உன்னைப் பார்க்க இல்லை. உன் மாடிக்கு எதிரே டீக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஜன்னலில் நீ தெரிந்தாய். இளைத்திருக்கிறாய். அதற்காக நான் பரிதாபப்பட்டேன் என்று நினைத்துவிடாதே. இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏழரை பஸ்ஸுக்குப் போகிறேன்.

நளினி


திருப்பதி,
12 மே 2025, திங்கள்

நளினி,

திட்டு கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். சட்னி விஷயம் கொஞ்சம் அதிகம்.

காலடிச் சத்தம் கேட்டது. நீதான் என்று தெரியும், உன் ஒரு கால் செருப்பு இழுபடும். எழுந்து கதவு வரைக்கும் வந்தேன். திறக்கவில்லை. திறந்திருந்தால் இப்போது எழுதப்போவதை நேரில் சொல்லியிருப்பேன், நீ என்னை அடித்திருப்பாய்.

நாளையோடு ஜாதரா முடிகிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்களில் எது சொன்னாலும் கோபப்படக் கூடாது என்பது எனக்கும் சேர்த்துத்தானே.

மாற்றி அடுக்கியது அவசரத்தில்தான். மழை உண்மை, ஒழுகியது உண்மை, அது பொய் இல்லை. கொடியில் இருந்த சுண்ணாம்புத் தாள்களை நனையாமல் காப்பாற்ற எடுத்து, மேஜையில் இருந்தவற்றோடு சேர்த்து பீரோவில் திணித்தேன். மறுநாள் காலை ஞாபகம் வந்து பீரோவைத் திறந்தேன். மேலே இருந்த மூன்று முகம் மட்டும் சிவந்திருந்தது. கீழே தூக்கிப் பார்த்தேன். மற்ற முப்பத்தெட்டிலும் சுண்ணாம்பின் ஈரம் இன்னும் ஊறவில்லை, மஞ்சளாகவே இருந்தன. பிரித்து வைத்திருந்தால் தப்பித்திருக்கும். பத்து நிமிஷ வேலை.

அன்றைக்குக் காலையில்தான் நாம் காட்டிய இரண்டாவது வீடியோவுக்கு எழுநூறு கமென்ட் வந்திருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். எழுநூறும் உன் முகங்களைப் பற்றி. கூட்டம் நகர்வதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நான் பீரோ முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன். நீ வரும்வரை ஐந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நீ வந்து பீரோவைத் திறந்து தரையில் உட்கார்ந்து அழுதாய். நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உன் முதுகைத் தடவிவிட்டேன். அந்தக் கையை வெட்டிப்போட வேண்டும்போல எனக்குப் பல நாள் இருந்திருக்கிறது.

நீ கேட்டபடியே செய்கிறேன். கேம் பக்கத்தில் உண்மையைப் போட்டுவிடுகிறேன், இதையும் சேர்த்து. எழுதி வைத்துவிட்டேன். பப்ளிஷர் போனால் போகட்டும். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே போடுவேன். முகங்களை நீ வரையாவிட்டாலும் போடுவேன். ஒரு வார்த்தை எழுது, நளினி. என்னால் இதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

உன்
சந்தியா


சித்தூர்,
6 ஜூன் 2025

சந்தியா,

உறைக்குள் பென் டிரைவ் இருக்கிறது. அதில் நாற்பத்தொரு முகம் இருக்கிறது. மஞ்சள், விரல், கோடு இல்லை. ஸ்கேன் நானே எடுத்துவிட்டேன், கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்தார். தாள் வராது. உன் கையில் இன்னொரு முறை தாளைக் கொடுக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்தபோது முப்பது முடிந்திருந்தது. ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டேன். வரையமாட்டேன் என்று உனக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு சாயங்காலமே மஞ்சள் அரைத்தேன். உனக்காக இல்லை. மூன்று வருஷமாக ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருக்கிறார்களே, அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்?

உன் கடிதத்தைப் படித்ததும் முப்பது தாளையும் வாரிக்கொண்டு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னாடி, அதையும் அலசணுமா?" என்றாள். தாள்களோடு உள்ளே வந்துவிட்டேன். போட்டிருந்தால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

ஜாதராவில் திட்டினால் கோபப்படக் கூடாது, அவ்வளவுதான் வழக்கம். செய்ததை ஜாதராவில் சொன்னால் செய்தது இல்லாமல் போகும் என்று எந்த ஊரிலும் கிடையாது. நீ அந்த ஊரிலேயே இருக்கிறவள், உனக்குத் தெரியும்.

கேம் பக்கத்தில் நீ போட்டிருக்கும் டெமோவை நாலு மணி நேரம் ஆடினேன். கூட்டம் நன்றாக நடக்கிறது. ஒரு சந்தில் முந்நூறு பேர் எதிரும் புதிருமாக வந்தார்கள், ஒரு தோள்கூட இடிக்கவில்லை. நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். இதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள்கூடச் சொல்லவில்லை, அது என் தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு நாற்பத்தொரு முகம் அதிகம் சந்தியா. ரொம்ப அதிகம்.

உண்மையைப் போடச் சொன்னேன். இப்போது வேண்டாம். எழுதி வைத்ததைக் கிழித்துவிடு. நீ போட்டால் நாலு நாள் உன்னைத் திட்டுவார்கள். ஐந்தாம் நாள், பாவம், தைரியமாக ஒப்புக்கொண்டாள் என்பார்கள். கேமையும் வாங்குவார்கள். நீ எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பாய். உனக்கு அந்த நிம்மதியை நான் தரமாட்டேன். வேறு யாரிடமும் சொல்லாதே. நானும் சொல்லமாட்டேன். ஆகஸ்ட் 14-க்குப் பிறகு ஒவ்வொருவரும் மாதங்கி நாள் எவ்வளவு அழகு என்று உனக்கு எழுதும்போது, இதற்கு முன்னால் இருந்த நாற்பத்தொன்றை நீ ஒருத்தி மட்டும் நினைத்துக்கொள்.

பெயரை அகர வரிசையில் போடு. உன்னுடையதுதான் முதலில் வரும், வைத்துக்கொள். உடல்நலக் குறைவு என்ற வரியை மட்டும் இன்றைக்கே எடு. அந்த இடத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம்.

பதில் எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி போஸ்ட்மேன் நாராயணசாமியிடம் சொல்லியாகிவிட்டது.

நான் நலம். உன் நலம் அறிய எனக்கு ஆவல் இல்லை.

நளினி